பாத்டப் எடுத்த இடத்தில் ஷவர்: டைலுக்கு முன்னால் பைப்பைப் பாருங்கள்

[காட்சி: பாத்டப் எடுத்த பிறகு தெரியும் தரை. சுவர் ஓரமாக ஒரு சின்ன பைப்.]

வணக்கம். ஏற்காட்டின் பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் சேலத்தில் சில வீடுகளிலும் பாத்டப் இன்னும் இருக்கிறது. காலைத் தூக்கி வைத்து இறங்க வீட்டுப் பெரியவர்கள் சிரமப்படுவார்கள். அதை எடுத்துவிட்டு, டைல் போட்ட ஷவர் வைப்பது நல்ல முடிவுதான். ஆனால் கடைக்குப் போனதும் டைல் டிசைனில்தான் கண் போகிறது. இந்த வேலையில் பணமும் கவனமும் முதலில் போக வேண்டியது டைலுக்குக் கீழே.

பாத்டப்பின் வேஸ்ட் பைப் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம், அதாவது 40 மி.மீ. டப்புக்கு அது போதும். மெதுவாக வடிந்தாலும் தண்ணீர் டப்புக்குள்ளேயே நிற்கும். ஷவர் தரையில் தண்ணீர் நிற்க இடம் ஏது? சின்னத் தடுப்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். அதனால் குறைந்தது 2 அங்குல பைப் வேண்டும். அரை அங்குலம்தானே கூடுகிறது என்று தோன்றலாம். ஆனால் தண்ணீர் போகும் பைப் வாயின் பரப்பளவைக் கணக்குப் போட்டால் முக்கால் பங்கு அதிகம்.

நம் ஊர்க் கடைகளில் 75 மி.மீ. வாய் உள்ள நானி ட்ராப் (தரை வடிகாலில் பதிக்கும், உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) கிடைக்கும். இடம் இருந்தால் அதையே போடுங்கள். ஆனால் பெரிய ட்ராப்பை வைத்துவிட்டு, ரெடியூசர் (பைப் அளவைக் குறைக்கும் இணைப்பு) மாட்டி பழைய 40 பைப்பில் சேர்த்துவிட்டால் என்ன பயன்? தண்ணீர் போகும் வழியில் பைப் எங்கேயும் சிறுத்துவிடக் கூடாது. பழைய வீட்டில் இரும்பு பைப் என்றால் உள்ளே துருவும் சோப்புக் கசடும் படிந்து இன்னும் குறுகியிருக்கும். பெரிய கழிவுநீர் லைன் வரைக்கும் புது பி.வி.சி. பைப் போட்டுவிடச் சொல்லுங்கள். தரையை உடைத்திருக்கும்போது செய்யாவிட்டால் பிறகு புது டைலைத்தான் உடைக்க வேண்டும்.

டப்பின் ஓவர்ஃப்ளோ பைப் இனி தேவையில்லை. மாடி பாத்ரூம் என்றால், ட்ராப்புக்கு இடம் வேண்டும் என்று ஸ்லாப் கம்பியில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

[காட்சி: ட்ராப்பின் குறுக்குத் தோற்றம்.]

ட்ராப்புக்குள் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. பழைய ட்ராப் கீழே இருக்கும்போதே மேலே புதிதாக இன்னொன்று வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே காற்று சிக்கி, வடிகால் திணறும். ஏற்காட்டில் பல வீடுகள் வாரக்கணக்கில் பூட்டியே கிடக்கும். அப்போது ட்ராப் தண்ணீர் வற்றி, வாடையும் கரப்பானும் மேலே வரும். கிளம்பும்போது இரண்டு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள்.

அடுத்தது வாட்டம், அதாவது ட்ராப்பை நோக்கித் தரையின் சரிவு. ஓர் அடிக்குக் கால் அங்குலம். 5 அடி நீள டப் இருந்த இடம் என்றால், தூரத்து முனை ட்ராப்பை விட ஒன்றேகால் அங்குலம் உயரமாக இருக்கும். ட்ராப்பை நடுவில் வைத்தால் அழகு என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து, பழைய இடத்திலேயே, குழாய்ச் சுவர் ஓரமாகவே இருக்கட்டும். வாட்டம் ஒரே பக்கமாக ஓடும், பெரிய டைல் போடலாம். நடுவில் என்றால் நாலு பக்கமும் சரிவு கொடுத்து, டைலை மூலைவாட்டாக வெட்ட வேண்டும்.

சரி, இனி வாட்டர்ப்ரூஃபிங். டைல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது டைலுக்கு அடியில் உள்ள பூச்சு. முதல் கோட் நீளவாக்கில், காய்ந்த பிறகு அடுத்தது குறுக்குவாக்கில். சுவரில் 6 அடி வரை ஏற்றுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலைகளில் வாட்டர்ப்ரூஃபிங் பட்டை (டேப்) ஒட்டி, பூச்சை ட்ராப்பின் வாய்க்குள்ளும் இறக்க வேண்டும். ஒழுகல் அதிகம் தொடங்குவது அங்கேதான். மழையும் பனியும் உள்ள மாதங்களில் மலையில் பூச்சு காயத் தாமதமாகும். சேலத்து வெயில் கணக்கை வைத்து அவசரப்படுத்தாதீர்கள்.

[காட்சி: துணி அடைத்த ட்ராப், சுவரில் பென்சில் கோடு.]

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் கோடு போடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் கோட்டிலேயே நின்று, கீழ்ச் சுவரிலும் ஈரம் இல்லையென்றால் அப்புறம் டைல் போடுபவரை வரச் சொல்லலாம்.