விடைத்தாளின் வெற்றுப் பக்கம்

நடுவர் அவர்களே, காரைக்குடிப் புழுக்கத்தில் விசிறிக்கொண்டே கேட்கும் பெரியவர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

"மாயக்கதை எழுதுகிறவருக்கு மாதச் சம்பள வேலை துணையா, தடையா?" என்பது தலைப்பு. தடைதான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கொண்டுவந்த சாட்சி, ஆங்கில மாயக்கதை எழுத்தாளர் டோல்கின். 1937-இல் அவருடைய 'தி ஹாபிட்' நாவல் வந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் 1954-இல்தான் வந்தது. நடுவில் 17 வருஷத்தையும் ஆக்ஸ்ஃபோர்டு வாத்தியார் வேலை தின்றுவிட்டதாம்.

சரி, துணைதான் என்று சொல்ல அதே சாட்சியை நானும் கூண்டில் ஏற்றுகிறேன்.

நாலு பிள்ளை பெற்றவர் டோல்கின். பேராசிரியர் சம்பளம் பற்றாமல், கோடை விடுமுறையில் கூடுதல் காசுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுத்தாள் திருத்தினார். தாள் திருத்திய ஆசிரியர்கள் இங்கே இருப்பீர்கள். கட்டு பாதி இறங்குவதற்குள் கண் எப்படிச் சொக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள், ஒரு பையன் தாளில் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டிருந்தான். புண்ணியவான்! அந்த வெற்றுப் பக்கத்தில், பொந்துக்குள் ஒரு ஹாபிட் வாழ்ந்ததாக ஒரு வரி கிறுக்கினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. அந்த வரிதான் 'தி ஹாபிட்' நாவலின் முதல் வரி. ஊஞ்சலில் காலாட்டிக்கொண்டிருந்த மனிதர் கைக்கு அந்தப் பக்கம் எப்படி ஐயா வந்திருக்கும்?

முதல் உலகப் போர் முடிந்து அவர் பார்த்த வேலை, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு 'டபிள்யூ' எழுத்துச் சொற்களுக்கு வேர் தேடுவது. அப்புறம் காலமெல்லாம் பழைய ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் நடமாடும் மர மனிதர்களுக்கு 'என்ட்' என்று பெயர் வைத்தாரே, பழைய ஆங்கிலத்தில் அதற்கு அரக்கன் என்று பொருள். பாடம் நடத்திய வாயிலிருந்து வந்த சொல் அது.

எங்கள் ஐயாவும் மாயக்கதை சொல்வார். மலேசியாவின் ஈப்போவில், வட்டித்தொழில் நடந்த கிட்டங்கியில், கணக்குப் பெட்டியருகே உட்காரும் பெட்டியடிப் பையனாகத் தொடங்கியவர். அவர் கதையில் வரும் பேய் புளியமரத்தில் சம்மணம் போட்டுப் பேரேடு எழுதும். வட்டி பிசகினால்தான் கழுத்தைப் பிடிக்கும். கணக்கு நேராக இருந்தால், "போயிட்டு வா அப்பச்சி" என்று அனுப்பிவிடும். பெட்டியடியில் உட்காராதவருக்கு இப்படி ஒரு பேய் தோன்றுமா?

கம்பனுக்குச் சோறு போடச் சடையப்ப வள்ளல் இருந்தார் என்று எதிரணி சொன்னது. இந்த ஊரில் கம்பனைச் சொன்னால் கைத்தட்டல் வரும் என்று அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார். டோல்கினுக்கு எந்தச் சடையப்பர் வந்தார்? கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்ய ஆள் வைக்கக் காசில்லாமல் தானே உட்கார்ந்து தட்டியவர் அவர். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற அந்தப் பெரிய நாவலின் ஆரம்ப வரைவுகள் சில, பழைய தேர்வுத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதியவை. வேலை அவருக்குச் சோறு போட்டது, காகிதமும் கொடுத்தது.

நேரத்தை வேலை தின்றதா? தின்றது. நான் மறுக்கவில்லை. ஆனால் 1959-இல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தாள் கட்டு இல்லை, வகுப்பு இல்லை. 1973-இல் இறக்கும்வரை 14 வருஷம். இளவயதில் தொடங்கிய 'தி சில்மரில்லியன்' என்ற மாயக்கதை நூல் அப்போதும் முடியவில்லை. மகன் ஒழுங்குபடுத்தி 1977-இல்தான் வெளியிட்டார்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், உட்காருகிறேன். 17 வருஷத்துக்குக் கணக்குக் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். அடுத்து வருகிறவர் இந்த 14 வருஷத்துக்குக் கணக்குக் கொடுக்கட்டும்.