இறங்கத் தெரிந்தவர்

நண்பர்களே, சின்ன வயதில் மாமரத்தில் ஏறிவிட்டு, இறங்க வழி தெரியாமல் கிளையைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் இந்த அரங்கத்தில் நிச்சயம் இருப்பீர்கள். ஏறும்போது கை பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. இறங்கும்போது கால் வைக்க வேண்டிய இடத்தை நம் உடம்பே மறைத்துவிடுகிறது. பாவுல் ப்ராய்ஸ் என்ற மலையேறியை நான் நேசிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

1886இல் ஆஸ்திரியாவின் ஆல்ட்டவுஸே என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்தில் ஒரு நோய் அவரை நடக்கவிடாமல் முடக்கிப் போட்டது. அதிலிருந்து எழுந்து, மலை மலையாக நடந்து, அப்புறம் தாவரவியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

1911 ஜூலை 28. இன்றைய வட இத்தாலியின் ட்ரெண்டினோ பகுதியில் கேம்பனீலே பாஸோ என்று ஒரு பாறை, கோபுரம் போலத் தனித்து நிற்கிறது. அதன் கிழக்குச் சுவரில் அதுவரை யாரும் ஏறியதில்லை. உடன் வந்த சகோதரியையும் நண்பரையும் விட்டுவிட்டு, கயிறு இல்லாமல், ஆணி இல்லாமல் தனியாக ஏறினார். கிட்டத்தட்ட 120 மீட்டர் செங்குத்துப் பாறை. சுமார் இரண்டு மணி நேரம்.

அந்த ஆண்டே அவர் எழுதிய கட்டுரை மலையேறிகளை இரண்டு கட்சியாக்கியது. பாறையில் அடிக்கும் இரும்பு ஆணி ஆபத்துக்கு உதவலாம், அதையே ஏறும் முறையாக்கக் கூடாது என்றார். எந்த இடத்தில் பத்திரமாக இறங்க முடியுமோ அந்த அளவுக்கே ஏற வேண்டும் என்றார். அவரைத் துணிச்சல்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். சரி, துணிச்சல்தான். ஆனால் அவர் எழுதியதைப் படித்தால், தன் பலத்தைச் சரியாக எடைபோடச் சொல்லும் குரல்தான் எனக்குக் கேட்கிறது. ஆணியால் ஓர் உயிர் பிழைக்குமானால் அடிக்கலாமே என்று வாதாடினார் டீட்டா பியாஸ். அவரும் பெரிய மலையேறி. அந்த வாதத்தையும் என்னால் தள்ள முடியவில்லை.

1913 அக்டோபர் 3 அன்று, ஆஸ்திரியாவின் மாண்டில்கோகெல் சிகரத்தின் வடக்கு முகட்டில் தனியாக ஏறும்போது ப்ராய்ஸ் விழுந்தார். வயது 27. ஆணி அடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்பவர்கள் உண்டு. கை நழுவியதா, பாறை பெயர்ந்ததா? பார்த்தவர் ஒருவரும் இல்லை. பனி மூடிய உடலைப் பல நாள் கழித்துக் கண்டெடுத்து, ஆல்ட்டவுஸேக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.