இருபது குழந்தைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயலின் வாசிப்பவர். "குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. வயலின் பெட்டியைத் திறந்து பல வாரம் ஆயிற்று. ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கு 20 குழந்தைகள் என்று போன பேச்சில் சொன்னீர்களே, அவரால் மட்டும் எப்படி எழுத முடிந்தது?" என்கிறார். நான்கு நாளாக இந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சரி செய்துவிடுகிறேன். 20 என்று போகிற போக்கில் சொல்லியிருக்கக் கூடாது. அந்த இருபதில் பத்துப் பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். அந்த வீட்டில் தொட்டில் ஆடிய வருடங்கள் பலவற்றில் சாவும் வந்து போனது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நிலா வெளிச்சக் கதை தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன், எனக்கு அது அலுப்பதே இல்லை. பத்து வயது ஆவதற்குள் பாக்குக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஓர்ட்ருஃப் ஊரில் அண்ணன் வீட்டில் வளர்கிறார். அண்ணனிடம் பெரிய மேதைகளின் உருப்படிகள் எழுதிய ஒரு புத்தகம் இருக்கிறது. தம்பி எவ்வளவு கெஞ்சியும் தரவில்லை. கம்பிக் கதவு போட்ட அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். பையனின் கை சின்னது. கம்பிக்குள் கையை விட்டு, புத்தகத்தைச் சுருட்டி வெளியே எடுக்கிறான். விளக்கு கிடையாது. நிலா காய்கிற இரவுகளில் மட்டும் உட்கார்ந்து ஆறு மாதத்தில் முழுவதையும் படியெடுக்கிறான். அண்ணன் கண்டுபிடித்து அந்தப் படியையும் பிடுங்கிக்கொள்கிறார். பாக் இறந்தபின், 1754-ல் அச்சான அஞ்சலிக் கட்டுரையில் இந்தக் கதை இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் அவர் மகன் எமானுவேல்.

அந்தச் சின்னக் கையை மறந்துவிடாதீர்கள். 1720 ஜனவரி 22. பாக் கோத்தென் ஊர் இளவரசரின் அரண்மனையில் வேலை பார்க்கிறார். மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்கு ஒன்பது வயது. அன்றைக்குத்தான் மகனுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குகிறார். முதலில் சுரம் எழுதும் முறை, அடுத்து கமகம் போன்ற அலங்காரக் குறிகளின் அட்டவணை, அதற்கப்புறம் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண் போட்ட ஒரு குட்டி உருப்படி. நம் சரளி வரிசை மாதிரி ஆரம்பிக்கிறது. பக்கம் புரட்டப் புரட்ட எங்கோ போய்விடுகிறது! இன்று உலகம் முழுக்க பியானோ மாணவர்கள் வாசிக்கிற, 'இன்வென்ஷன்' என்ற 15 குட்டி உருப்படிகளின் முதல் வடிவம் அதில் இருக்கிறது. பிறகு 1722-ல் தொகுத்த 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' என்ற பெரிய நூலின் முதல் பாகத்துக்குப் போன 11 பிரிலூடுகளும் (முன்னுரை மாதிரி வருகிற சிறு உருப்படிகள்) அதில் இருக்கின்றன.

பூட்டிய அலமாரிக்குள் கையை விட்டவன், தன் பிள்ளைக்கு அலமாரியே இல்லாமல் செய்துவிட்டான். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குழந்தையின் கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அந்த இசை. அளவு சின்னது, துணி பட்டு.

என் மகளுக்கு நான்கு வயதில் கீபோர்டில் ஐந்து கட்டைக்கு மேல் கை எட்டாது. அந்த ஐந்துக்குள் ஒரு மெட்டு போட உட்கார்ந்தேன். முழுசாக இரண்டு வாரம் ஆயிற்று. பெரிய இசைக்குழுவுக்கு எழுதும்போது ஒரு சுரம் வீணானால் மற்ற வாத்தியங்கள் மூடிவிடும். ஐந்து சுரத்தில் அப்படி ஒளிய இடமே இல்லை. இன்வென்ஷன்களில் ஏன் ஒரு சுரம்கூட அதிகம் இல்லை என்று அன்றைக்குத்தான் என் விரலுக்குப் புரிந்தது.

அந்த நோட்டு தொடங்கி ஆறே மாதத்தில் பிள்ளையின் அம்மா மரியா பார்பரா இறந்துவிடுகிறார். இளவரசரோடு கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்குப் போயிருந்த பாக் திரும்பி வரும்போது அடக்கமே முடிந்திருக்கிறது. அதற்கப்புறமும் அந்த நோட்டில் எழுத்து நிற்கவில்லை.

இப்போது, சகோதரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அவருக்கு நேரம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அவருடைய இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனாவின் நேரத்திலிருந்து வந்தது. அவர் அரண்மனையில் சம்பளம் வாங்கிய பாடகி. 1721 டிசம்பரில், 20 வயதில், தாயில்லாத நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மனைவியாக வந்தார். 1723-க்கும் 1742-க்கும் நடுவில் 13 பிரசவம், ஏழு பிள்ளைகள் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். குடும்பம் பிறகு குடிபோன லைப்சிக் நகரத்துத் தேவாலயங்களில் பெண்கள் பாட இடமில்லாததால் அவர் குரலுக்கான மேடை சுருங்கிவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. கணவரின் உருப்படிகளைப் படியெடுத்துக்கொண்டே இருந்தார். செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) எழுதிய தொகுப்புகளை பாக் தன் கையால் எழுதிய தாள் இன்று கிடையாது. உலகத்துச் செல்லோக்காரர்கள் முக்கியமாக நம்பியிருப்பது இந்த அம்மாவின் படியைத்தான். இத்தனை பிரசவங்களுக்கு நடுவில் எழுதிய படி அது. "பாக் எப்படி எழுதினார்" என்று எல்லோரும் கேட்கிறோம். அன்னா மக்தலேனா எப்படிப் பாடாமல் இருந்தார் என்று யாராவது கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதனால் உங்களை பாக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டில் குழந்தையை அரை மணி நேரம் யாராவது வாங்கிக்கொள்ளட்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். மீதி நேரத்தில் குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே ஒரு கம்பியை மட்டும் மெதுவாக மீட்டிப் பாருங்கள். எந்தச் சுரத்துக்குத் திரும்பிப் பார்க்கிறது, எதற்குக் கை ஆட்டுகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். அன்னா மக்தலேனாவுக்கென்று 1725-ல் தொடங்கிய நோட்டு ஒன்று இருக்கிறது, அதில் பிள்ளைகளின் முயற்சிகளும் ஏறின. அடுத்த முறை உங்கள் குறிப்பை வைத்துக்கொண்டே அதைத் திறக்கலாம்.