480 பதிவு, 12 பெட்டி: மார்ஃபோஜேயில் சராசரி எடுப்பது எப்படி?

(திரையில்: ஸ்கேன் செய்த தேனீ இறக்கை. நரம்புகள் சந்திக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளிகள்.)

வணக்கம். புள்ளிகளை வைத்து வடிவங்களை ஒப்பிடும் மார்ஃபோஜே என்ற மென்பொருளில் சராசரி எடுப்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். இது அடுக்குத் தேனீயின் முன்னிறக்கை. நரம்புகள் கூடும் இடங்களில் 19 புள்ளிகள் வைத்திருக்கிறேன். இவைதான் லேண்ட்மார்க், அதாவது அடையாளப்புள்ளிகள். தேனீ ஆராய்ச்சியில் இந்த 19 பழகிப்போன எண்ணிக்கை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் 6 தேன் பெட்டி, கீழே சமவெளியில் காட்பாடி, அணைக்கட்டு பக்கம் 6 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 10 பணித்தேனீ, ஒவ்வொன்றுக்கும் இடது, வலது முன்னிறக்கை. கை பிசகுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு படத்திலும் இரண்டு தடவை புள்ளி வைக்கிறோம். மொத்தம் 480 பதிவு. மலைத் தேனீக்கும் சமவெளித் தேனீக்கும் இறக்கை வடிவம் மாறுகிறதா என்பது கேள்வி.

இந்தக் கேள்விக்கு 480 சாட்சிகள் இருப்பதாக நினைத்தால் தப்பு. ஒரு பெட்டியில் இருக்கும் பணித்தேனீக்கள் ஒரே ராணியின் மகள்கள். ஒரே வீட்டில் பத்துப் பேரிடம் ரேஷன் அரிசி எப்படி என்று கேட்டுவிட்டு, பத்து வீட்டில் விசாரித்தேன் என்று சொல்ல முடியுமா? நமக்குச் சாட்சி 12 பெட்டிகள்தான். அதனால்தான் சராசரி எடுக்கிறோம்.

(திரையில்: மேல்நோக்கி ஓர் இறக்கை, கீழ்நோக்கி ஓர் இறக்கை.)

எடுத்தவுடனே சராசரிக்குப் போகாதீர்கள். இந்த இரண்டு படத்தின் புள்ளிகளையும் அப்படியே கூட்டி இரண்டால் வகுத்தால், எல்லாம் நடுவில் சுருங்கி எந்தத் தேனீக்கும் சொந்தமில்லாத ஒரு இறக்கை வரும். முதலில் ப்ரோக்ரஸ்டீஸ் பொருத்தம். அது எல்லா இறக்கையையும் ஒரே இடத்துக்கு நகர்த்தி, ஒரே அளவாக்கி, சுழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். படுக்கையின் நீளத்துக்கு விருந்தாளியை இழுத்தோ வெட்டியோ பொருத்திய கிரேக்கக் கதைக் கொள்ளைக்காரனின் பெயர் அது. நம் தேனீக்கு அவ்வளவு கொடுமை இல்லை. அளவு மட்டும் சென்ட்ராய்ட் சைஸ் என்று தனியாகப் பத்திரமாக இருக்கும். இடது இறக்கைப் படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது மார்ஃபோஜே. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் பீட்டர் கிளிங்கன்பெர்க் எழுதிய இலவச மென்பொருள். எந்தப் பதிவு எந்தக் குழு என்று அதற்குத் தானாகத் தெரியாது. நீங்கள் வைத்த பெயரிலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்துக் குழு பிரிக்கச் சொல்லலாம். ஆக, பாதி வேலை பெயர் வைப்பதில் இருக்கிறது.

(திரையில்: 1030712)

இப்படி வையுங்கள். முதல் எண் இடம்: மலை 1, சமவெளி 2. அடுத்த இரண்டு பெட்டி, அதற்கடுத்த இரண்டு தேனீ, பிறகு இறக்கையின் பக்கம், கடைசியில் எத்தனையாவது தடவை. திரையில் இருப்பது: மலை, 3ஆம் பெட்டி, 7ஆம் தேனீ, இடது இறக்கை, இரண்டாம் தடவை. 7ஆம் தேனீயை வெறும் 7 என்று போடாமல் 07 என்றே போடுங்கள். ஓர் இலக்கம் குறைந்தால் பின்னால் உள்ளதெல்லாம் ஓர் இடம் நகர்ந்துவிடும்.

ப்ரிலிமினரீஸ் மெனுவில் ‘எக்ஸ்ட்ராக்ட் நியூ கிளாசிஃபையர் ஃப்ரம் ஐடி ஸ்ட்ரிங்ஸ்’, அதாவது பெயரிலிருந்து குழுக்குறியை எடுப்பது. எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை என்று கேட்கும். நான் முதன்முதலில் மாட்டிக்கொண்டது இங்கேதான். பெட்டி எண் 2, 3ஆம் இடங்களில்தானே இருக்கிறது என்று 2 முதல் 3 வரை கொடுத்தேன். மலையின் 03ஆம் பெட்டியும் சமவெளியின் 03ஆம் பெட்டியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. படம் அழகாகத்தான் வந்தது. பெட்டிக்கு 1 முதல் 3 வரை கொடுக்க வேண்டும். அதேபோலத் தேனீக்கு 1 முதல் 5, இறக்கைக்கு 1 முதல் 6. எப்போதும் 1இல் தொடங்குங்கள்.

அப்புறம் அதே மெனுவில் ‘ஆவரேஜ் அப்சர்வேஷன்ஸ் பை’. படிப்படியாகப் போங்கள்: இறக்கைவாரியாக 240, தேனீவாரியாக 120, பெட்டிவாரியாக 12. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். என் தவறில் 12க்குப் பதில் 6 வந்திருந்தது. எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு தேனீக்கு ஓர் இறக்கை கிழிந்து விடுபட்டிருந்தால் படிப்படியாக எடுப்பது இன்னும் முக்கியம். நேராகப் பெட்டிக்குத் தாவினால் இரண்டு இறக்கையுள்ள தேனீக்கு இரட்டை ஓட்டு கிடைத்துவிடும்.

முதல் சராசரிக்கு முன்பே, மாறுபாட்டில் எவ்வளவு எதனால் என்று பிரித்துக் காட்டும் ப்ரோக்ரஸ்டீஸ் அனோவா ஓட்டிப் புள்ளி வைத்ததில் எவ்வளவு பிழை என்று பார்த்துவிடுங்கள். இரண்டு தடவையையும் ஒன்றாக்கிய பிறகு அந்தப் பிழையைக் கணக்கிட வழியில்லை.

புள்ளிகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் அட்டவணையான கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் எடுக்கும்போது ‘பூல்டு வித்இன் குரூப்’ என்று ஒன்று கண்ணில் படும். அது சராசரி எடுப்பதல்ல. ஒவ்வொரு குழுவிலும் அந்தக் குழுவின் சராசரியைக் கழித்துவிட்டு, மீதியுள்ள மாறுபாட்டைச் சேர்த்துப் பார்க்கும். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசமே நம் கேள்வி என்பதால், இடவாரியாக அதைப் போட்டால் தேடிய பொருளையே துடைத்துப் போட்டதாகிவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. 19 புள்ளிக்கு 38 ஆயத்தொலைவு. பொருத்தியதில் 4 (நகர்த்தலுக்கு 2, அளவுக்கு 1, சுழற்சிக்கு 1) போக 34 பரிமாணம். கையில் இருப்பதோ 12 பெட்டி. மாறுபாட்டை முக்கியமான சில அச்சுகளாகச் சுருக்கும் முதன்மைக்கூறு ஆய்வில் 11 அச்சுக்கு மேல் வராது, குழு பிரிக்கும் ஆய்வையும் இதில் நம்ப முடியாது. ஒரே பெட்டியில் இன்னும் நாற்பது தேனீ பிடித்தாலும் இந்த 12 மாறாது. மறுபடி ஜமுனாமரத்தூர் பஸ் ஏறிப் புதுப் பெட்டிகளைத் தேட வேண்டியதுதான்.