பன்னிரண்டு பாட்டு, ஐந்து குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

இசைத்தட்டு சேகரிப்பவர்களிடம் ஒரு சின்ன கர்வம் உண்டு. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று போட்ட தட்டை அலமாரியின் முன்வரிசையில் வைக்கமாட்டார்கள். பழைய சரக்கைப் புது அட்டைக்குள் போட்டுக் கம்பெனிக்காரர்கள் இன்னொரு தடவை காசு பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. பாதி உண்மைதான். ஆனாலும் இன்று அப்படி ஒரு தட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்: 1966-இன் கடைசியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து வெளிவந்த 'டெம்ப்டேஷன்ஸ்' குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'.

பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம். அந்தக் காலத்தில் இவர்களின் தட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனிக்கு உயிர்நாடி எல்.பி. என்ற பெரிய தட்டு அல்ல, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டு. ரேடியோவில் போடுவதும் கடையில் விற்பதும் அதுதான். எல்.பி. என்பது இரண்டு மூன்று ஹிட்டோடு கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதனால் ஹிட்டுகளை மட்டும் பொறுக்கிக் கோத்த இந்தத் தொகுப்பில்தான் குழுவின் முழு உருவம் தெரிகிறது. 'பியூட்டி இஸ் ஒன்லி ஸ்கின் டீப்' என்ற பாட்டு அதற்கு முன்னால் எந்த எல்.பி.யிலும் வரவேயில்லை. பழைய சரக்கு என்று அதை எப்படிச் சொல்வது?

டெம்ப்டேஷன்ஸ் ஐந்து பேர். ஓட்டிஸ் வில்லியம்ஸ், மெல்வின் ஃபிராங்க்ளின், பால் வில்லியம்ஸ், எடி கெண்ட்ரிக்ஸ், டேவிட் ரஃபின். டெக்சஸ், அலபாமா, மிசிசிப்பி என்று எல்லோரும் தெற்கு மாநிலங்களில் பிறந்தவர்கள். கார் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்டுக்குக் கறுப்பினக் குடும்பங்கள் பிழைப்பு தேடிப் போன காலம் அது. 1961-இல் இரண்டு குழுக்களின் மிச்சம் ஒன்றாகச் சேர்ந்து இந்தக் குழு உருவானது. ரஃபின் மட்டும் 1964 தொடக்கத்தில், எல்பிரிட்ஜ் பிரையன்ட் என்பவரை நீக்கிய இடத்துக்கு வந்தவர்.

இவர்கள் பாடுவது சோல் இசை. அப்படியென்றால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தேவாலயத்தில் கடவுளைப் பார்த்துப் பாடிய அதே தொண்டை, அதே உருக்கம், காதலியைப் பார்த்துத் திரும்பினால் அதுதான் சோல். ஒருவர் முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் பின்பாட்டில் பதில் சொல்வார்கள். பஜனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் குழுவின் பலம், முன்பாட்டுக்கு ஒரே ஆளை நம்பியிருக்காதது. முதல் பாட்டு 'தி வே யூ டூ தி திங்ஸ் யூ டூ'. 1964-இல் இவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி. பாடுவது கெண்ட்ரிக்ஸ். இறகு மாதிரி மேலேயே மிதக்கிற குரல். நம் கச்சேரி ரசிகர்கள் 'கள்ளத்தொண்டை' என்று முகம் சுளிப்பார்களே, அதேதான். இங்கே அதுதான் மூலதனம். நான்காவது பாட்டில் பால் வில்லியம்ஸ் வருகிறார். கனமான, கொஞ்சம் களைத்த குரல். ஒரு சின்னத் தட்டின் பின்பக்கத்தில் ஒதுக்கப்பட்டிருந்த 'டோன்ட் லுக் பேக்' அது. என்னைக் கேட்டால் முதல் பக்கத்தின் ரத்தினம் அதுதான். எல்லாவற்றுக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெல்வின் ஃபிராங்க்ளினின் கீழ்க்குரல். ஓட்டிஸ் வில்லியம்ஸோ இந்தப் பன்னிரண்டில் எதையும் தலைமையேற்றுப் பாடவில்லை. குழுவைக் கட்டிக் காத்தவர் அவர்தான். (இவர்கள் மேடையில் போட்ட ஆட்டமும் பேர்போனது. என்ன செய்ய, வானொலியில் அதைக் காட்ட முடியாது.)

இரண்டாவது பாட்டுதான் 'மை கேர்ள்'. இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எழுதியவர்கள் மோட்டவுனின் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்மோக்கி ராபின்சனும், அவர் குழுவில் பாடிய ரொனால்ட் வைட்டும். ரஃபின் பாடியதைக் கேட்ட ஸ்மோக்கி, அந்தக் கரகரப்பான குரலிடம் ஒரு இனிப்பான பாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். 1965 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் ஆனது. சரி, பாட்டுக்குள் போவோம். முதலில் பேஸ் கிட்டார் மட்டும். நெஞ்சுத் துடிப்பு மாதிரி, அவசரமே இல்லாமல். அப்புறம் இன்னொரு கிட்டார் படியேறி வரும். ச ரி க ப த ச. ஆமாம், நம் மோகனத்தின் ஆரோகணம். அவர்கள் மோகனத்தை நினைத்து வாசிக்கவில்லை. அந்த ஐந்து சுரங்களும் உலகத்தில் பல ஊர்களுக்குச் சொந்தம். ஆனால் நம் காதுக்கு அது சட்டென்று பழகிய வீடுபோல இருப்பதற்குக் காரணம் அதுதான். அடுத்து விரல் சொடுக்கு, ட்ரம்ஸ், பிறகுதான் ரஃபின் வாயைத் திறக்கிறார். நடுவில் வயலின்கள் பொங்கி எழும். அது முடிந்து கடைசிச் சரணத்துக்கு வரும்போது கவனியுங்கள், ஒரு கட்டையில் தொடங்கிய பாட்டு இரண்டு கட்டைக்கு ஏறியிருக்கும். எப்போது ஏறினார்கள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மனசு மட்டும் ஏறியிருக்கும்.

மூன்றாவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடுவே ஒரு போட்டி ஒளிந்திருக்கிறது. இந்தத் தொகுப்பில் எட்டுப் பாட்டு ஸ்மோக்கியின் கைவண்ணம். மீதி நான்கு நார்மன் விட்ஃபீல்ட் என்ற இளைஞருடையது. டெம்ப்டேஷன்ஸ் எனக்கு வேண்டும் என்று விட்ஃபீல்ட், மோட்டவுன் முதலாளி பெரி கோர்டியை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஸ்மோக்கியின் அடுத்த பாட்டு சரியாகப் போகாவிட்டால் வாய்ப்பு உனக்கு என்றார் கோர்டி. ஸ்மோக்கி கொடுத்தது 'கெட் ரெடி'. கறுப்பின ரசிகர்களின் ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம், ஆனால் பொதுப் பட்டியலில் 29-க்கு மேல் ஏறவில்லை. விட்ஃபீல்ட் கொண்டுவந்தது 'ஏன்ட் டூ ப்ரவுட் டு பெக்'. ரஃபினுக்கு வசதியான இடத்துக்கு மேலே சுருதியை வேண்டுமென்றே ஏற்றி வைத்தார். எட்டிப் பிடிக்கத் திணறும் தொண்டையில்தான் கெஞ்சல் நிஜமாக வரும் என்பது அவர் கணக்கு. பொதுப் பட்டியலில் 13. அதோடு குழு கைமாறிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். ஒன்று சிரித்துக்கொண்டே கூப்பிடும், மற்றது காலைப் பிடிக்கும். 'கெட் ரெடி' தோற்ற பாட்டு என்பதை மட்டும் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 'சின்ஸ் ஐ லாஸ்ட் மை பேபி' ஒன்றே போதும், தட்டைத் திருப்பிப் போட்ட சிரமத்துக்கு. மற்றதெல்லாம் நல்ல துணை.

தட்டு நன்றாக விற்றது, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. ஆனால் இந்த ஐந்து பேர் அதிக நாள் சேர்ந்திருக்கவில்லை. 1968-இல் ரஃபினை வெளியேற்றினார்கள். 1971-இல் கெண்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும் போய்விட்டார்கள். அந்த வகையில் இது அறியாமலேயே எடுத்துவைத்த குடும்பப் புகைப்படம்.

புகைப்படத்தில் விழாதவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாட்டுகள் பதிவானது வெஸ்ட் கிராண்ட் பூலவார்ட், 2648 என்ற முகவரியில் உள்ள ஒரு வீட்டில். 1959-இல் தன் குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கிக் கம்பெனி தொடங்கிய கோர்டி வாங்கிப்போட்ட வீடு. பதிவுக்கூடத்துக்கு 'பாம்புக் குழி' என்று பெயர். கூரையிலிருந்து வயர்கள் அப்படித் தொங்கும். அங்கே வாசித்தவர்கள்தான் 'ஃபங்க் பிரதர்ஸ்'. அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. 1970-கள் பிறக்கும்வரை மோட்டவுன் தட்டுகளில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடும் வழக்கமே கிடையாது.

அந்த மோகனப் படிக்கட்டை வாசித்தவர் ராபர்ட் வைட். 2002-இல் வந்த ஒரு ஆவணப்படத்தில் அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார்கள். வயதான பிறகு ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'மை கேர்ள்' ஒலிக்கிறது. பரிமாற வந்த பையனிடம், இது கேட்கிறதா என்று உற்சாகமாக ஆரம்பித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டார். நான் வாசித்தது என்றால் இந்தப் பையன் நம்பவா போகிறான், கிழவனுக்குப் பிதற்றல் என்பான். சாப்பிட என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார்.

நண்பர் இப்போது பாட்டைப் போடப் போகிறார். முதலில் தனியாகக் கேட்கும் பேஸ், ஜேம்ஸ் ஜேமர்சன். அடுத்துப் படியேறி வருவது ராபர்ட் வைட்.