கேட்டு நிற்கிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் விமர்சகன் இல்லை, வெறும் வாசகன். படித்தபோது மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன்.

கடந்த சில மாதங்களில் மூன்று புத்தகங்களைப் படித்தேன். ஒன்று தன்வரலாறு, ஒன்று சிறிய நாவல், ஒன்று சிறுகதைத் தொகுப்பு. திட்டம் போட்டு எடுத்தவை அல்ல, கைக்கு வந்த வரிசையில் படித்தவைதான். மூன்றாவதை முடித்த இரவில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மூன்றிலும் யாரோ ஒருவர் இன்னொருவர் முன்னால் நின்று எதையோ கேட்கிறார். கேட்பது அவ்வளவு எளிதான காரியம் இல்லை. கூச்சம் இருக்கும், இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். கேட்கிறவனின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இந்த மூன்று பேரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

முதலில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ‘தமிழ்த் தாத்தா’ என்று படித்துப் படித்து, தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவராகத்தான் அவர் என் மனதில் இருந்தார். அன்பால் வைத்த பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஓர் இளைஞனை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அவர் பிறந்தது 1855இல். கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் பார்க்கப் போனது 1880 அக்டோபரில். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கல்லூரியில் தமிழாசிரியர் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

முதலியார் கேட்கிறார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று. இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, பட்டியல் நீளம். முதலியார் அசையவில்லை. சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. புத்தகமே கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் ஒரு கேள்வியில் சிறுத்துப்போகிற அந்த நிமிஷத்தை, அறுபது வருஷத்துக்குப் பிறகும் அவர் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் கேட்டதுதான். ஏடு வைத்திருந்தவர்களிடம் ஏடு கேட்டார். சிந்தாமணி சமண காவியம், அவரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். புரியாத இடங்களுக்கு விளக்கம் வேண்டிக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்கே போனார். ஒரு வீட்டில் அலங்காரம் செய்திருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதமாகப் படித்துவந்த சிந்தாமணி இன்று பூர்த்தியாகிறது என்கிறார்கள். எந்த நூலின் பொருள் தெரியாமல் இவர் தவித்துக்கொண்டிருந்தாரோ, அதே நூல் சில தெரு தள்ளி ஒரு வீட்டில் பக்தியோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது! போய்க் கேட்கிற வரைக்கும் அது தெரியவில்லை.

ஏட்டைப் படிப்பது என்றால் என்ன என்பதும் இந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் எனக்கு விளங்கியது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சரபமா சாபமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதுகூடச் சட்டென்று தெரியாது. இதையெல்லாம் கடந்து 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

கேட்கப் போனதே தாமதமாகிப்போன இடமும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருக்கின்றன என்று தேடிப் போகிறார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டோம், சாஸ்திரப்படிதான் செய்தோம் என்று பதில் வருகிறது. சொன்னவர்களுக்கு அதில் குற்ற உணர்வே இல்லை. எனக்கு அந்தப் பக்கத்தில் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவர் கோபத்தைவிடத் துக்கத்தைத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த இடம் இது எதுவும் இல்லை. ஒருநாள் காலை மகாவித்துவான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் வரவில்லை. பாட்டுச் சொல்லிக்கொண்டே காத்திருக்கிறார். வீட்டில் எண்ணெய் இல்லை என்பதை மாணவரான சாமிநாதையர் புரிந்துகொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய் வாங்கிவந்து சேர்த்துவிடுகிறார். அவ்வளவு பெரிய புலவர் எண்ணெய் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வைக்காமல் பார்த்துக்கொண்டான் அந்த மாணவன். குருபக்தி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற சொல்லுக்கு இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்கு வேண்டாம்.

இந்தப் புத்தகத்தில் எனக்குக் குறை ஒன்று உண்டு. தமக்குத் தொல்லை கொடுத்தவர்கள் சிலரின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். பெருந்தன்மைதான். ஆனாலும் அந்தக் காலத்துப் புலவர் உலகத்தின் சண்டை சச்சரவுகளை முழுதாக அறிய விரும்பும் வாசகனுக்கு அது ஏமாற்றம். இன்னொன்றைக் குறை என்று சொல்ல முடியாது, வருத்தம் என்று சொல்லலாம். ஆனந்த விகடனில் தொடராக எழுதிவந்தவர், முடிப்பதற்குள் 1942இல் காலமாகிவிட்டார். பின்பாதி வாழ்க்கை அவர் கையால் எழுதப்படவே இல்லை. நடைக்குப் பயந்து இந்தப் புத்தகத்தைத் தள்ளிவைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சமஸ்கிருதச் சொற்கள் கொஞ்சம் வரும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

இடையில் வேறொரு பெரிய நாவலையும் எடுத்தேன், பெயர் வேண்டாம். இருநூறு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். அதில் வருகிறவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள், நிறையத் தகவல் சொல்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு இன்னொருவரிடமிருந்து எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் எனக்கும் அவர்கள் வேண்டாதவர்களாகப் போனார்கள் என்று நினைக்கிறேன்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் எல்லோருக்கும் ஒரே ஒரு பொருள்தான் வேண்டும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற இடமெல்லாம் ஒரு கேள்வி: கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? இரண்டு குடம் கொடுக்கிறவர்கள் மூன்றாவதற்கு முகம் மாறுகிற விதம், கொடுக்காதவர்கள் சொல்கிற சாக்கு எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல் எழுதிக்கொண்டு போகிறார். ஒரு பெண்ணின் அவமானத்தைப் பற்றிய நாவல் இது. ஆனால் அவமானம் என்ற சொல் வர வேண்டிய இடத்தில் குடம்தான் வருகிறது. ஜமுனாவை ஏய்க்கிற பாஸ்கர் ராவ் மட்டும் எனக்கு நிழலாகவே நின்றுவிட்டார். அவருக்கும் இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோ குறைந்த பக்கங்களில் வந்தும் மறக்க முடியாதவராகிவிடுகிறார். தன் கஷ்டத்தை அவர் ஜமுனாவிடம் சொல்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

கடைசியாகக் கு.அழகிரிசாமி. அவர் 1970இல் மறைந்தார். அதே ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுதிக்குக் கிடைத்தது, அவர் இல்லாமல். தலைப்புக் கதையைப் பல வருஷத்துக்கு முன்பே படித்திருக்கிறேன். அப்போது அதைக் குழந்தைகளைப் பற்றிய இனிமையான கதை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்து தமிழில் இவ்வளவு மெதுவாக வலிக்க வைக்கிற கதைகள் குறைவு.

கதை சொல்கிறவர் புத்தகங்களோடு வாழ்கிறவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உரிமையோடு வந்து அவர் வீட்டு அலமாரியைக் குடைவார்கள். அவரும் எல்லோரிடமும் பிரியமாகத்தான் இருக்கிறார். ஆனால் டைரிகளை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கும்போது, சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவர் வேண்டுமென்று செய்ததில்லை. கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான். பிரியமான மனிதர் ஒருவர் கவனிக்காமல் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். நானும் குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறவன்தான். இந்தக் கதையை மூடியதும், போன தடவை யாருக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்தேன், யார் ஓரமாக நின்றிருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் ஒரு புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சாரங்கன் அழவில்லை, சண்டை போடவில்லை. அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். உபசரிக்கிறான். பிறகு ஒரு டைரியை எடுத்து அவர் முன்னால் நீட்டுகிறான், அவனே வாங்கியது. எழுதுங்கள் என்கிறான். என்ன எழுத என்று அவர் கேட்கிறார். நான் சொல்கிறபடி எழுதுங்கள் என்று சொல்லி, பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறான். அவர் எழுதுகிறார்.

வணக்கம்.