எல்லா நிலையங்களும், ஒரே நாளில்

(குன்னூரில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்காகத்தான். கோத்தகிரிக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போகலாம். ரயிலைப் பற்றிப் பேச வந்துவிட்டு உங்களைப் பேருந்துக்குத் தவிக்க விடுவது நியாயம் இல்லை.

லண்டன் மாநகரத்தில் ஒரு பழக்கம் உண்டு. விடியற்காலையில் முதல் வண்டியில் ஏறி, அந்த ஊர் சுரங்க ரயிலின் அத்தனை நிலையங்களையும் அன்று இரவுக்குள் தொட்டுவிட வேண்டும். 1960 முதல் கின்னஸ் புத்தகம் இதைச் சாதனையாகப் பதிந்து வருகிறது. 'இது என்ன வெட்டி வேலை?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டி வேலை இல்லை என்றுதான் நான் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு ஊரை முழுமையாகத் தெரிந்துகொள்ள சாமானியன் கையில் இருக்கும் மிகச் சிறந்த வழி இது. பெரிய செலவு இல்லை. யாருடைய சிபாரிசும் வேண்டாம். சீட்டு வாங்கினால் போதும்.

உலகத்தின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று லண்டனில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. பாடிங்டனில் தொடங்கி ஃபாரிங்டன் வரை ஓடியது. இழுத்தது எது தெரியுமா? நம் மேட்டுப்பாளையம் வண்டியைப் போல நீராவி எஞ்சின்தான். பூமிக்கு அடியில், புகையைக் கக்கிக்கொண்டு! நம் மலைப் பாதையில் குகைக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் போடும் கூச்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகையை தினமும் காலையும் மாலையும் விழுங்கிக்கொண்டே லண்டன்காரர்கள் வேலைக்குப் போய் வந்தார்கள்.

இன்று அங்கே 11 வழித்தடங்கள், 272 நிலையங்கள், சுமார் 400 கிலோமீட்டர் பாதை. சுரங்க ரயில் என்று பெயர் இருந்தாலும் பாதையில் பாதிக்கும் குறைவுதான் பூமிக்கு அடியில் ஓடுகிறது. நிலையங்கள் 270 ஆக இருந்த 2015-ல், 15 மணி 45 நிமிடச் சொச்சத்தில் அத்தனையையும் முடித்துக் காட்டினார்கள். தில்லி மெட்ரோவில் 2021-ல் ஒருவர் 286 நிலையங்களை 15 மணி 22 நிமிடச் சொச்சத்தில் தொட்டிருக்கிறார். ஆக, நம் நாட்டிலும் இந்த ஆர்வம் வேர்விட்டுவிட்டது.

விதிகள் எளிமையானவை. நிலையத்தில் இறங்க வேண்டியது இல்லை. ஆனால் நீங்கள் இருக்கும் வண்டி அங்கே நிற்க வேண்டும். நிற்காமல் கடந்து போனால் கணக்கில் சேராது. ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் போக நடக்கலாம், ஓடலாம், பேருந்தில் போகலாம், வேறு ரயிலிலும் போகலாம். சொந்த வண்டி, வாடகைக் கார், சைக்கிள் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக ஓடுகிற வண்டியை மட்டுமே நம்ப வேண்டும். எனக்கு இந்த விதிதான் மிகவும் பிடித்தது. பணம் படைத்தவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே வண்டி, ஒரே காத்திருப்பு.

சரி, இதில் கடினம் எங்கே? கிளைகளில்தான். செஷம் என்று ஒரு நிலையம் ஊருக்கு வெகு வெளியே ஒரு கிளையின் நுனியில் இருக்கிறது. ரயில் என்றால் போன வழியேதான் திரும்ப வேண்டும். மில் ஹில் ஈஸ்ட் என்பது ஒற்றை நிலையத்துக்காகவே பிரிந்து போகும் கிளை. கென்சிங்டன் ஒலிம்பியாவுக்கு வண்டி குறைவு. நேரம் தவறினால் அன்றைய திட்டமே சரிந்துவிடும். ஸ்டான்மோர் ஒரு தடத்தின் முடிவு, எட்ஜ்வேர் இன்னொரு தடத்தின் முடிவு. ரயிலிலேயே போவதானால் ஊருக்குள் வந்து மறுபடி வெளியே போக வேண்டும். நேராகப் போனால் சில கிலோமீட்டர்தான். அதனால் சாதனைக்காரர்கள் அந்த இடைவெளியை ஓடியோ பேருந்திலோ கடக்கிறார்கள். வரைபடத்தை மட்டும் நம்புகிறவருக்கு இது புலப்படாது. 1933-ல் ஹாரி பெக் வரைந்து வெளிவந்த லண்டன் வரைபடம் அழகானது. நேர்கோடுகளும் சீரான இடைவெளிகளும் கொண்டது. ஆனால் கோவன்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் நடுவே 300 மீட்டர்கூட இல்லை. செஷமுக்கும் அதற்கு முந்தைய நிலையத்துக்கும் 6 கிலோமீட்டருக்கு மேல். தூரம் உடம்புக்குத் தெரிய வேண்டுமானால் போய்த்தான் ஆக வேண்டும்.

இப்போது சென்னைக்கு வருவோம். இந்த மலையிலிருந்து எத்தனை பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்குப் போகிறீர்கள்! விடுதி, அலுவலகம், கோயம்பேடு, சென்ட்ரல். வருஷக்கணக்கில் இருந்தும் ஊர் என்றால் இந்த நாலு இடம்தான். ஊர் பெரிதாக இருக்கிறது, மிரட்டுகிறது என்று சொல்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது: மெட்ரோவின் எல்லா நிலையங்களையும் ஒரு நாளில் தொட்டுப் பாருங்கள்.

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மேம்பாலத்தில் ஓடத் தொடங்கியது. பூமிக்கு அடியில் முதலில் ஓடியது 2017 மே 14 அன்று, திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை. முதல் கட்டத்தில் இரண்டு தடங்கள். நீலத் தடம் வடக்கே விம்கோ நகர் பணிமனையிலிருந்து சென்ட்ரல், கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையம் வரை. பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கோயம்பேடு, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலை வரை. இரண்டும் சந்திப்பது சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும்.

பிள்ளைகளே, ஒரு தாளில் இதை வரைந்து பாருங்கள். போன பாதையில் மறுபடி போகாமல் ஒரே இழுப்பில் முடிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு 1736-லேயே விடை சொன்னவர் ஆய்லர் என்ற கணித மேதை. கோனிக்ஸ்பெர்க் ஊரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே முறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்பது அவர் முன் இருந்த புதிர். அவர் செய்தது இதுதான்: ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பாதைகள் சேர்கின்றன என்று எண்ணினார். ஒற்றைப்படையாகப் பாதைகள் சேரும் இடம் பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். அப்படிப்பட்ட இடம் இரண்டுக்கு மேல் இருந்தால் ஒரே இழுப்பில் முடியாது.

சென்னையில் எண்ணுங்கள். விம்கோ நகர் பணிமனையில் ஒரு பாதை. விமான நிலையத்தில் ஒன்று. பரங்கிமலையில் ஒன்று. சென்ட்ரலில் மூன்று. ஆலந்தூரில் நான்கு. ஒற்றைப்படை இடங்கள் நான்கு ஆகிவிட்டன. ஆகவே மெட்ரோவை மட்டும் நம்பினால், போன வழியே திரும்ப வேண்டிய கட்டாயம் வரும். விமான நிலையம் வரை போய், ஆலந்தூருக்குத் திரும்பி, பரங்கிமலைக்குப் போய், மறுபடி ஆலந்தூருக்கு வர வேண்டும்.

ஆனால் அந்த ஊர்க்காரருக்கு ஒன்று தெரியும். விமான நிலையத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால், திரிசூலம் ஸ்டேஷன். அங்கே புறநகர் மின்சார ரயிலில் ஏறினால் மீனம்பாக்கம், பழவந்தாங்கல், அடுத்தது பரங்கிமலை. இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. விதிப்படி இது செல்லும், பொது வண்டிதானே! அந்த ஒரு புறநகர்ப் பயணத்தைப் படத்தில் ஒரு கோடாகச் சேர்த்துப் பாருங்கள். விமான நிலையமும் பரங்கிமலையும் இரட்டைப்படை ஆகிவிடுகின்றன. ஒற்றைப்படையில் மிஞ்சுவது விம்கோ நகர் பணிமனையும் சென்ட்ரலும் மட்டும். அங்கே தொடங்கி இங்கே முடிக்கலாம். சென்ட்ரலைத்தான் வரும்போதே தொட்டாயிற்றே, எழும்பூரிலேயே முடித்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கும் திரிசூலத்தில் ரயிலுக்கு நிற்கிறவரின் அனுபவமும் ஒரே விடையைச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே சிலிர்க்கிறது. இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களும் முழுதாக வந்து சேரும்போது படம் மாறும், புதிரும் புதிதாகும். அதை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாதனைக்காரர்களோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த வண்டியைப் பிடிக்க ஓடுவதைத் தவிர அவர்கள் நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. வர நேரமும் இல்லை. நான் சொல்வது, முதலில் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்; ஊரின் எலும்புக்கூடு மனதில் பதியும். அதன் பிறகு நிதானமாக, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம், ஒவ்வொரு நிலையமாக இறங்கி மேலே ஏறி வாருங்கள்.

திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில். பட்டினத்தார் அடங்கிய இடமும் அந்த ஊர்தான், கடற்கரை ஓரம். மண்ணடியில் ஏறி வந்தால் ஜார்ஜ் டவுனின் நெருக்கமான தெருக்கள். பகல் வேளையில் அங்கே நடப்பதே ஒரு வித்தை. சென்ட்ரலிலிருந்து அரசினர் தோட்டம் போகும்போது கூவத்துக்கு அடியில் போகிறீர்கள். இதைத் தெரிந்துகொண்டு ஒரு முறை போய்ப் பாருங்கள், அந்தச் சில நொடிகள் வேறு மாதிரி இருக்கும். எல்.ஐ.சி. நிலையத்துக்கு மேலே 1959-ல் திறந்த 14 மாடிக் கட்டடம். ஒரு தலைமுறையே அண்ணாந்து பார்த்தது அதை. ஷெனாய் நகரில் நிலையத்தின் தலைமேலேயே திரு.வி.க. பூங்கா. அண்ணா நகர் டவரில் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம். சைதாப்பேட்டை வரை பூமிக்கு அடியில் வந்த வண்டி, சின்னமலையில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஜன்னல் பக்கம் நில்லுங்கள்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. காலடிப்பேட்டைக்கும் கிண்டிக்கும் இந்தப் பயணத்தில் ஒரே மதிப்பு. லண்டனில் ரோடிங் வேலி என்று ஒரு நிலையம். ஆள் நடமாட்டம் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. அதை விட்டுவிட்டு மற்ற 271-ஐயும் தொட்டாலும் பயணம் நிறைவேறாது. பேர் பெற்ற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்தாயிற்று என்று சொல்லும் சுற்றுலா வழக்கத்துக்கு நேர் எதிரானது இது. சுற்றுலா என்றால் என்ன என்று இந்த மலையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. ஊட்டி ஏரி, பூங்கா, தொட்டபெட்டா, சாக்லேட் கடை. அவ்வளவுதான் நீலகிரி என்று எத்தனை பேர் இறங்கிப் போகிறார்கள்! கேத்தியில் இறங்கியவர் எத்தனை பேர்? அரவங்காட்டில் இறங்கியவர்?

ஆகவே நம் மலை ரயிலுக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி சாலை, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஃபெர்ன்ஹில், உதகமண்டலம். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். 1899-ல் குன்னூர் வரை வந்தது. 1908 செப்டம்பரில் ஃபெர்ன்ஹில், அக்டோபரில் உதகை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் கடித்து ஏறும் பாதை. 12 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றமும் அதில் உண்டு. 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த 13 நிலையங்களையும் லண்டன் விதிப்படி தொட முடியுமா? ஒரே தடம், கிளை இல்லை. ஆய்லரே தேவை இல்லை. ஆனாலும் முடியாது! காட்டேரி சாலையிலும் ஃபெர்ன்ஹில்லிலும் இப்போது பயணிகளுக்காக வண்டி நிற்பதில்லை. கடந்து போனால் கணக்கில் சேராது என்று சொன்னேன் அல்லவா? நம் பாதை முழுமை அடையாமலே இருக்கிறது. ஃபெர்ன்ஹில் 1908-ல் ஒரு மாத காலம் இந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷனாக இருந்தது. மலை ஏறி வந்தவர்கள் அங்கேதான் இறங்கினார்கள். அந்த ஸ்டேஷனுக்கு ஒரு நிமிடம் கொடுக்கக் கூடாதா?

வருஷத்தில் சில நாட்களாவது, மரபு தினம் போன்ற நாட்களிலாவது, 13 நிலையங்களிலும் வண்டி ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று ரயில்வேக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். ஏற்றத்தில் எஞ்சினை நிறுத்தி எடுப்பது எளிது இல்லை என்பது தெரியும். எந்த இடத்தில் பாதுகாப்பாக நிறுத்தலாம் என்பதை ஓட்டுநர்களும் பொறியாளர்களும் முடிவு செய்யட்டும் என்றே அதில் எழுதியிருக்கிறோம். கூடவே ஒரு சீட்டுப் புத்தகம். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு முத்திரை. பதின்மூன்றும் சேர்ந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ்.

விண்ணப்பம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது எந்த ஊர் என்றும் எழுதுங்கள். காட்டேரிக்காரர்களும் ஃபெர்ன்ஹில்காரர்களும் முதலில் போடட்டும். பிள்ளைகள் பெரியவர்களை அழைத்து வந்து போட வையுங்கள். வணக்கம்.